பேய்க்கதையில் துஞ்சல் என்னும் மெய்ப்பாடு: டிராகுலாவை முன்வைத்து ஓர் ஆய்வு

பேய்க்கதை படிக்கிறவனுக்கு நடுக்கம் வரவேண்டும் என்பது பொதுவிதி. இந்த ஆய்வாளனுக்குக் குறட்டை வந்தது. அதைக் கேட்ட சாட்சி வீட்டம்மா. ஆகவே தரவின்மீது ஐயப்பட இடமில்லை.

நிகழ்ந்த சூழல் இது. பணி ஓய்வுக்குப் பிறகு, பழைய புத்தகக் கடை ஒன்றில் 60 ரூபாய்க்குப் பேரம் பேசி வாங்கிய பிரதி. பிராம் ஸ்டோக்கர் எழுதிய 'டிராகுலா'. அட்டையில் ஒரு கோட்டை, ஒரு நிலா, ஒரு வௌவால். போதாததற்குத் தலைப்பெழுத்திலிருந்து ரத்தம் வேறு சொட்டுகிறது. இதைப் பகலில் படித்தால் பேய்க்கும் மரியாதை இல்லை, 60 ரூபாய்க்கும் மரியாதை இல்லை என்று, ராத்திரிச் சாப்பாட்டை இரண்டு இட்லியோடு நிறுத்தி, கூடத்து விளக்கை அணைத்து, மேசை விளக்கை மட்டும் எரியவிட்டு உட்கார்ந்தேன். பயத்தில் நாக்கு வறண்டால் குடிக்க ஒரு சொம்பு தண்ணீர் பக்கத்தில் இருந்தது. முதல் இரவு சொம்பு காலி. இரண்டாம் இரவு பாதி. ஐந்தாம் இரவு, 17ஆம் அத்தியாயத்தில், புத்தகம் நெஞ்சின்மேல் கவிழ்ந்து கிடக்க, சொம்பு வைத்தது வைத்தபடி நிறைந்திருந்தது. அச்சத்தை அளக்க இந்தச் சொம்பளவை முறையைப் பிற ஆய்வாளர்களும் தாராளமாகக் கையாளலாம். காப்புரிமை கோரும் எண்ணம் இல்லை.

"ஏங்க, பேய்க்கதைன்னுதானே வாங்கிட்டு வந்தீங்க? ஆபீஸ்ல தூங்கற மாதிரி தூங்கறீங்க" என்று எழுப்பினாள் வீட்டம்மா. நான் ஆபீசில் தூங்கி அவள் பார்த்ததில்லை, ஊகம்தான். ஆனால் அந்த ஊகத்துக்குள்தான் இவ்வாய்வின் முடிவு முழுவதும் அடங்கிக் கிடந்தது என்பது எனக்கு மூன்று வாரம் கழித்துத்தான் விளங்கியது.

முதலில் இலக்கணத்தைப் பார்த்துவிடுவோம். எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்லும் தொல்காப்பியர், ஒவ்வொன்றும் நான்கு நிலைக்களன்களில் பிறக்கும் என்பார். அச்சம் பிறக்கும் இடங்கள் அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. உலகத்துப் பேய்க்கதைகளை எடுத்து இந்த நான்கோடு ஒப்பிட்டால் பெரும்பாலானவை ஒன்றையோ இரண்டையோதான் நிரப்பும். டிராகுலாப் பிரபுவோ நான்கையும் ஒற்றை ஆளாக நிரப்புகிறான். செத்தும் சாகாதவன் ஆதலின் அணங்கு. ஓநாயாகவும் நாயாகவும் வௌவாலாகவும் மாறுவான் ஆதலின் விலங்கு. ரத்தம் திருடுவதோடு நில்லாமல், வீட்டுக்கு வந்த விருந்தாளியின் உடுப்பை மாட்டிக்கொண்டு ஊருக்குள் இறங்குவான் ஆதலின் கள்வன். கோட்டை உடையவன் அடுத்தவன் கோட்டைத் திருடுவது அந்த நாட்டு வழக்கம் போலும். நிலமும் பட்டமும் உள்ள பிரபு ஆதலின் இறை. அஞ்சத்தக்க பட்டியலின் கடைசியில் இறையைச் சேர்த்தவர் எவ்வளவு பட்டறிவு உள்ளவர் என்பது, 32 ஆண்டு மேலதிகாரிகளின்கீழ் வேலை பார்த்த எனக்கு யாரும் உரையெழுதி விளக்க வேண்டியதில்லை.

நான்கு காரணமும் கூடியும் காரியம் பிறக்கவில்லை. அரிசி இருக்கிறது, உலையும் கொதிக்கிறது, சோறு மட்டும் ஆகவில்லை. இது எங்ஙனம்?

எட்டோடு நிறுத்தாமல் தொல்காப்பியர் மேலும் முப்பத்திரண்டைச் சொல்லியிருக்கிறார். அந்தப் பட்டியலில் துஞ்சல் என்றும் ஒன்று உண்டு. ஆக, பேய்க்கதை படித்துத் தூங்கிப்போவது இலக்கண வழுவன்று, மெய்ப்பாடே என்க. இந்த அளவில் என் மானம் காப்பாற்றப்பட்டுவிட்டது. இனி, அந்தத் துஞ்சல் எங்கே பிறந்தது என்று பார்க்க வேண்டும்.

நாவலின் முதல் நான்கு அத்தியாயங்களைக் குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். ஜோனதன் ஹார்க்கர் என்ற இளம் வழக்கறிஞர், எக்சிட்டர் நகரத்து அலுவலகம் ஒன்றிலிருந்து டிரான்சில்வேனியா போகிறார். லண்டனுக்குப் பக்கத்தில் பர்ஃப்ளீட்டில், சுமார் 20 ஏக்கர் நிலத்தோடு கார்ஃபாக்ஸ் என்ற பாழடைந்த மாளிகையைப் பிரபு விலைக்கு வாங்குகிறான்; அந்தப் பத்திர வேலைக்காகத்தான் பயணம். நாட்குறிப்பு மே 3ஆம் தேதி தொடங்குகிறது. தொடங்கும்போதே, வியன்னாவுக்கு 6.46க்கு வந்திருக்க வேண்டிய ரயில் ஒரு மணி நேரம் தாமதம் என்ற புகார். அதற்கடுத்துச் சாப்பாடு. சிவப்பு மிளகாய் போட்ட கோழி, பேப்ரிகா ஹெண்டல் என்று பெயர். நன்றாக இருந்தது, ஆனால் தாகம் எடுத்தது என்கிறார். செய்முறையைக் கேட்டு வாங்கி மீனாவுக்குக் கொடுக்க வேண்டும் என்று தமக்குத்தாமே குறிப்பு வேறு எழுதிக்கொள்கிறார். மீனா அவர் கட்டிக்கொள்ளப்போகிற பெண். பெயரைப் பார்த்து மதுரைப்பக்கம் என்று நினைத்துவிடக் கூடாது. வில்ஹெல்மினா என்பதன் சுருக்கம். இந்த இடத்தை நான் உரக்கப் படித்ததில் வீட்டம்மா அடுக்களையிலிருந்து எட்டிப்பார்த்தாள். "காரம் ஜாஸ்தி போட்டா தாகம் எடுக்கத்தானே செய்யும்? எப்படி வைக்கறாங்களாம்?" பின்னால் வரும் என்று சொன்னேன். இந்த வாக்குறுதியை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ளவும்.

கோட்டையில் பிரபுவே கதவைத் திறக்கிறான்; பெட்டியையும் தானே தூக்கிக்கொண்டு போகிறான். வறுத்த கோழி, பாலாடைக்கட்டி, சாலட், பழைய டோக்காய் ஒயின் ஒரு புட்டி. தான் மட்டும் சாப்பிடுவதில்லை, ஏற்கெனவே ஆயிற்றாம். சவரக் கண்ணாடியில் அவன் உருவம் விழவில்லை. சொம்பு பாதி காலியான இடம் இது. அதன்பின் ஒரு நாள் கதவிடுக்கு வழியே ஹார்க்கர் பார்க்கிறார்: வேலைக்காரர் என்று யாருமே இல்லாத அந்தக் கோட்டையில், சாப்பாட்டு மேசையைப் பிரபு ஒழுங்குபடுத்திக்கொண்டிருக்கிறான். படுக்கையைத் தட்டிப்போட்டு விரித்தவனும் அவனே. அப்படியானால் அந்தக் கோழியை வறுத்தது? நூற்றாண்டுகளாகத் துருக்கியரோடு போரிட்ட வம்சம் என்று மீசையை முறுக்கியவன், நடுராத்திரியில் அடுப்பை ஊதிக் கோழி வாட்டியிருக்கிறான். நம் பக்கத்தில் காட்டேரிக்கு நாம்தான் கோழி படைப்போம். அங்கே காட்டேரி நமக்குக் கோழி படைக்கிறது. டிராகுலா வகையறாவை 'ரத்தக் காட்டேரி' என்று தமிழில் எழுதுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. காட்டேரி படையல் வாங்கிக்கொண்டு காவலிருக்கும் தெய்வம். வீடு வாங்கி இடம்பெயர்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை.

பல்லி விவகாரத்தையும் இங்கே சொல்லிவிட வேண்டும். நிலவொளியில், கோட்டைச் சுவரில், தலை கீழாகப் பிரபு ஊர்ந்து இறங்குகிறான். பல்லிபோல என்கிறார் ஹார்க்கர். இங்கிலாந்தில் இதைப் படித்தவர்கள் உறைந்துபோயிருப்பார்கள். நான் அந்த வரியைப் படித்த அதே கணத்தில் என் தலைக்கு மேலே, டியூப்லைட் பட்டிக்கு அடியிலிருந்து, உண்மையான பல்லி ஒன்று 'ச்சுச்சுச்' என்றது. வீட்டம்மா பாதித் தூக்கத்தில் விரல் நுனியால் கட்டிலைத் தட்டி, "கிழக்கால சொல்லுது, நல்லதுதான்" என்றுவிட்டுத் திரும்பிப் படுத்தாள். பஞ்சாங்கத்தில் பலன் போட்டு வைத்திருக்கிற பிராணி அது. பெண்ணுக்கு வரன் தேடுகிற பேச்சில் குறுக்கே சொன்னால் பத்திரிகை அடிக்கக் கிளம்புகிறவர்கள் நாம். இந்த உவமை நம் ஊரில் செல்லுபடியாகாமல் போனதற்கு ஸ்டோக்கர் பொறுப்பல்ல.

நிற்க. கோட்டை நான்கு அத்தியாயத்தோடு முடிந்துவிடுகிறது. நாவலோ 27 அத்தியாயம். மீதி இருபத்து மூன்றில் பிரபு எங்கே? பெரும்பாலும் இல்லை. பேயை எதிர்பார்த்து உட்கார்ந்த வாசகனுக்கு ஐந்தாம் அத்தியாயத்தில் இரண்டு இளம்பெண்களின் கடிதப் போக்குவரத்து கிடைக்கிறது. லூசி என்பவளை ஒரே நாளில் மூன்று பேர் பெண் கேட்கிறார்கள்: ஒரு பைத்தியக்கார ஆஸ்பத்திரி டாக்டர், ஓர் அமெரிக்கர், ஒரு பிரபு வீட்டுப் பிள்ளை. மூவருமே தங்கமானவர்கள். இதைப் படிக்கவா இரண்டு இட்லியோடு எழுந்தேன்?

இடையில் டெமிட்டர் என்ற கப்பல் விட்பி துறைமுகத்தில் வந்து மோதுகிற பகுதிக்கு முழு மதிப்பெண் போடுகிறேன். மாலுமிகள் ஒவ்வொருவராகக் காணாமல் போக, கடைசியில் தலைவன் தன் கையைச் சுக்கானோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு பிணமாக நிற்கிறான். 1885இல் டிமிட்ரி என்ற ரஷ்யக் கப்பல் விட்பியில் கரைதட்டியது. 1890 கோடையில் அங்கே தங்கியிருந்த ஸ்டோக்கர் அதைப் பற்றிக் கேட்டறிந்து எழுதியது. அன்றிரவு சொம்பு முக்கால் காலி. அதற்குப் பிறகு ஏற்றமே இல்லை.

லூசிக்கு ரத்தம் குறைகிறது. ஆம்ஸ்டர்டாமிலிருந்து பேராசிரியர் வான் ஹெல்சிங் வருகிறார். டச்சுக்காரர், ஆனால் அதிர்ச்சி வந்தால் ஜெர்மனில் கூப்பிடுவார். பேசத் தொடங்கினால் பக்கம் திரும்பும், விஷயம் திரும்பாது. அவர் நான்கு ஆண்களின் ரத்தத்தை, தம்முடையதையும் சேர்த்து, அந்தப் பெண்ணுக்கு ஒருவர்பின் ஒருவராக ஏற்றுகிறார். ரத்தத்தில் பிரிவுகள் உண்டு என்று கார்ல் லாண்ட்ஸ்டைனர் எழுதியது 1901இல். நாவல் வெளிவந்ததோ 1897இல். பேராசிரியரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் லூசியின் மரணத்துக்குப் பிரபு மட்டும்தான் காரணமா என்ற வினாவை எந்த ஆய்வாளனும் கேட்காமல் இருக்கக் கூடாது. இடையே ஹார்லெமிலிருந்து பூண்டுப் பூ வரவழைத்து அறை முழுக்க வைக்கிறார்கள். "பூவா? பல்லு கிடைக்கலையாமா?" என்றாள் வீட்டம்மா. நியாயமான கேள்வி. ஆனால் லூசியின் தாயார் அறைக்குள் வந்து, நாற்றம் தாங்காமல் பூவையெல்லாம் எடுத்துப்போட்டு, போதாததற்கு ஜன்னலையும் திறந்துவிட்டுப் போகிறார். நாவலில் பிரபுவுக்கு அந்த அம்மாள் செய்த உதவியை வேறு யாரும் செய்யவில்லை.

இப்போது 17ஆம் அத்தியாயத்துக்கு வருவோம். துஞ்சல் பிறந்த தலம்.

அதில் நடப்பது இதுதான். லூசியைப் பெண் கேட்ட அந்த டாக்டர் செவார்ட் தம் நாட்குறிப்பை மெழுகு உருளையில் பேசிப் பதிந்து வைத்திருக்கிறார். மாதக்கணக்கில் பதிந்தபின்தான், வேண்டிய இடத்தை மட்டும் எப்படித் தேடி எடுப்பது என்று தமக்குத் தெரியாது என்பதை உணர்கிறார். ஆவணக் காப்பறையில் ஒரு முறையாவது தலைவிட்டவனுக்கு இந்த இடம் மிகவும் உண்மையாகப் படும். மீனா, உருளைகள் முழுவதையும் கேட்டுத் தட்டச்சு செய்கிறாள், நகலும் எடுக்கிறாள். ஹார்க்கரின் நாட்குறிப்பு, லூசியின் கடிதங்கள், தந்திகள், பத்திரிகைத் துண்டுகள், எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கித் தைத்து ஒரே கோப்பாக்குகிறார்கள். பேய் ஊருக்குள் வந்துவிட்டது. கதாநாயகர்கள் கோப்பு போட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

கோப்பு நகர்கிறது. பிரபு டிரான்சில்வேனியாவிலிருந்து கொண்டுவந்தது 50 மண்பெட்டி. பிறந்த மண்ணில்தான் அவனுக்கு உறக்கம். அவற்றில் கார்ஃபாக்சில் இருப்பு 29. மைல் எண்டுக்குப் போனது 6, பெர்மாண்ட்சிக்குப் போனது 6, பிக்கடில்லிக்குப் போனது 9. கூட்டினால் 50, கணக்கு சரி. இந்த விவரம் எப்படிக் கிடைக்கிறது என்கிறீர்கள்? ஹார்க்கர் வண்டிக்காரர்களைத் தேடிப்பிடித்து, தாகசாந்திக்குக் காசு கொடுத்து, ஒவ்வொரு விலாசமாகக் கறக்கிறார். பிக்கடில்லியில் போய் எண்ணினால் எட்டுத்தான் இருக்கிறது. ஒரு பெட்டி குறைவு. உலகம் அழிகிறதா பிழைக்கிறதா என்பது இருப்புச் சரிபார்ப்பில் வந்து நிற்கிறது. அந்த ஒரு பெட்டி கப்பலேறித் திரும்பிப் போயிருக்கிறது. அதற்கு இடம் பேசப் பிரபு துறைமுகத்துக்கு வந்தபோது வைக்கோல் தொப்பி வைத்திருந்தான் என்றும், அது அவனுக்குப் பொருந்தவே இல்லை என்றும் ஒரு வாக்குமூலம் கோப்பில் இருக்கிறது. தொப்பியில் அவனைக் கற்பனை செய்த பிறகு எனக்கு எந்தக் காலத்திலும் பயம் வரப்போவதில்லை.

இன்னொரு குறைபாடு. கோப்பில் எல்லோருடைய கூற்றும் உண்டு. பிரபுவுடைய கூற்று இல்லை. தொடக்கத்தில் ஹார்க்கருக்கு எழுதிய ஒரு வரவேற்புக் கடிதத்தையும் ஒரு சிறு குறிப்பையும் தவிர அவன் கைப்பட எதுவும் வாசகன் கண்ணுக்குக் காட்டப்படுவதில்லை. எதிர்தரப்பிடம் விளக்கம் கேட்காமலே இறுதி ஆணை. மேல்முறையீட்டில் நிற்காது.

ஆனால் கோப்பின் உச்சக்காட்சி 21ஆம் அத்தியாயத்தில்தான். பிரபு டாக்டரின் வீட்டுக்குள்ளேயே புகுந்துவிடுகிறான். இரவு நேரம், ஒரு பெண், கணவர் பக்கத்திலேயே மயங்கிக் கிடக்கிறார். மீனாவைத் தீண்டுவது பெருங்கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அதே இரவில் அவன் செய்த இன்னொரு காரியம் என் கவனத்தை இழுத்தது. டாக்டரின் அறைக்குப் போய், தட்டச்சுப் பிரதி முழுவதையும் கணப்பில் போட்டு எரிக்கிறான். மெழுகு உருளைகளையும் அதிலேயே போடுகிறான். பார்த்துவிட்டு வந்து ஒருவர் சொல்ல, டாக்டர் என்ன சொல்கிறார் தெரியுமா? கடவுளுக்கு நன்றி, இன்னொரு நகல் இரும்புப் பெட்டியில் இருக்கிறது என்கிறார்.

இந்த இடத்தில் நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். நூற்றாண்டுகளாகச் சாகாத ஓர் அரக்கன், ஓநாய்களை ஏவக்கூடியவன், மூடுபனியைக் கூட்டிவரக்கூடியவன், எதிரிகளிடம் எதைக் கண்டு பயந்தான்? கோப்பைக் கண்டு. அவனை எது வென்றது? கார்பன் நகல். நான் பணியாற்றிய காலத்தில், காணாமல்போன கோப்பு ஒன்றுக்காக மூன்று மாதம் விளக்கக் கடிதம் எழுதியிருக்கிறேன். அன்று மீனா மாதிரி ஒருத்தி பிரிவில் இருந்திருந்தால் என் ஊதிய உயர்வு ஓராண்டு தள்ளிப்போயிருக்காது.

இதற்குப் பிறகுதான் ஆசிரியரின் வாழ்க்கையை விசாரித்தேன். விசாரித்ததில் மூன்று வாரப் புதிர் ஒரே மதியத்தில் அவிழ்ந்தது. ஸ்டோக்கர் எழுத்தாளராவதற்கு முன் அரசு ஊழியர். அவர் தந்தையும் அரசு ஊழியர். இருவரும் வேலை பார்த்த இடம் அயர்லாந்தின் ஆங்கில நிர்வாகத் தலைமையகம். அதன் பெயர் டப்ளின் கோட்டை. ஆக, அவர் பார்த்துப் பழகிய முதல் கோட்டை ஓர் ஆபீஸ். அங்கே கீழ்நிலை நீதிமன்றங்களை மேற்பார்வையிடும் அலுவலராக இருந்து, அயர்லாந்தில் சிறு வழக்கு மன்ற எழுத்தர்களின் கடமைகள் பற்றி ஒரு கையேடு எழுதினார். அது அச்சானது 1879இல். அவர் எழுதி நூலாக வந்த முதல் படைப்பு அதுதான். 'டிராகுலா' வந்தது அதற்குப் பதினெட்டு ஆண்டு கழித்து. பதிவேடு, நகல், முகவரி, தேதி, கையொப்பம்: கையேட்டில் சொன்னதைத்தான் நாவலில் நடத்திக்காட்டியிருக்கிறார். பேயின் பெயரும் அப்படியே வந்தது. வில்லியம் வில்கின்சன் என்ற முன்னாள் பிரிட்டிஷ் தூதரக அதிகாரி 1820இல் வெளியிட்ட நூலை விட்பி நூலகத்தில் புரட்டியபோது, ஓர் அடிக்குறிப்பில் டிராகுலா என்ற சொல்லுக்குப் பிசாசு என்று பொருள் போட்டிருந்தது. டிரான்சில்வேனியாவை அவர் கண்ணால் பார்த்ததே இல்லை. அடிக்குறிப்பிலிருந்து ஒரு பேயைக் கிளப்பிய சாதனை வேறெந்த ஆய்வாளனுக்கும் வாய்த்ததாகத் தெரியவில்லை. எங்கள் குலத்துக்கே பெருமை.

லண்டனில் ஹென்றி இர்விங் என்ற மாபெரும் நடிகரின் லைசியம் அரங்குக்கு மேலாளராக ஸ்டோக்கர் 27 ஆண்டு உழைத்தார். மேடை உரிமையைக் காக்க, நூல் வெளிவருவதற்கு எட்டு நாள் முன், 1897 மே 18 அன்று, நாவலை நாடகமாக்கி அந்த அரங்கிலேயே வாசித்தார்கள். நான்கு மணி நேரத்துக்கு மேல் போனதாம். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு இர்விங் 'பயங்கரம்' என்று ஒரே சொல்லில் முடித்ததாகச் செவிவழிச் செய்தி ஒன்று உலவுகிறது. செய்தி மெய்யோ பொய்யோ, அந்தச் சொல்லை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்வது என்பது அவரவர் சொம்பைப் பொறுத்தது.

அற்றேல், உன் ஏமாற்றத்துக்கு நாவல் என்ன செய்யும், சினிமா பார்த்துக் கெட்டுப்போனவன் நீ என்பாரும் உளர். அஃது ஒக்கும். பாதி வழக்கு அங்கேதான் இருக்கிறது. நான் எதிர்பார்த்த டிராகுலா, உயர்ந்த கழுத்துப்பட்டியோடு கறுப்பு மேலங்கி போர்த்திய பெலா லுகோசி, 1931 படம். அந்த அங்கி ஹாமில்டன் டீன் 1924இல் போட்ட நாடகத்தின் வழியாக வந்தது. நாவலில், சுவரில் இறங்கும்போது அங்கி சிறகுபோல விரிந்தது என்ற ஒரு குறிப்போடு சரி. சூரிய ஒளி பட்டால் டிராகுலா சாம்பலாவான் என்று காத்திருந்தேன். நாவலில் அவன் லண்டன் தெருவில் பகலிலேயே நடமாடுகிறான், சக்தி மட்டும் குறைவு. வெயிலில் அழிகிற வழக்கத்தை ஏற்படுத்தியது 1922இல் முர்னாவ் எடுத்த 'நோஸ்ஃபெராட்டு'. பேரன்களோடு வாழ்நாளெல்லாம் பழகிவிட்டுத் தாத்தாவைப் பார்க்கப்போனால், என்ன இவர் பேரனைப் போலவே இல்லையே என்றுதான் தோன்றும்.

அந்தப் படத்தின் கதை தனி. உரிமை வாங்காமல் எடுத்தார்கள் என்று ஸ்டோக்கரின் மனைவி ஃப்ளாரன்ஸ் வழக்குப் போட்டார். 1925இல் ஜெர்மன் நீதிமன்றம் எல்லாப் பிரதிகளையும் அழிக்கச் சொன்னது. அழித்தார்கள். ஆனால் அதற்குள் எங்கெங்கோ போய்விட்ட சில நகல்கள் தப்பிவிட்டன. நாம் இன்று பார்ப்பது அவற்றின் வழித்தோன்றல். நாவலில் பேயைக் கொன்றது நகல், சினிமாவில் பேயைக் காப்பாற்றியதும் நகல். இப்படி ஓர் ஒற்றுமையைக் கண்ட மகிழ்ச்சியில் அன்றைக்குச் சொம்புத் தண்ணீர் முழுவதையும் குடித்தேன். அது கணக்கில் சேராது.

வேதாளத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ரிச்சர்ட் பர்ட்டன் விக்கிரமாதித்தன் வேதாளக் கதைகளில் பதினொன்றை ஆங்கிலத்தில் தம் போக்கில் எழுதி, வேதாளத்தை 'வேம்பயர்' என்றே பெயரிட்டு 1870இல் வெளியிட்டார். அவரை இர்விங்கோடு விருந்துகளில் சந்தித்திருக்கிறார் ஸ்டோக்கர். 1906இல் எழுதிய இர்விங் நினைவு நூலில், பேசும்போது பர்ட்டனின் கோரைப்பல் வெளியே பளிச்சிட்டதை மறக்காமல் குறித்திருக்கிறார். பல்லை மட்டும் எடுத்துக்கொண்டு, வேதாளத்தின் நல்ல குணத்தை விட்டுவிட்டாரே என்பதுதான் என் மனக்குறை. வேதாளம் தோளில் ஏறியதும் கதை சொல்லும், கேள்வி கேட்கும், தெரிந்தும் சொல்லாவிட்டால் தலை வெடிக்கும் என்று நிபந்தனை போடும். தூங்க முடியுமா? டிராகுலா கழுத்தைக் கடிக்கிறான், கேள்வி ஒன்றும் கேட்பதில்லை. வாசகனுக்கு அவன்மீது எந்தக் கடமையும் ஏற்படவில்லை.

கடைசிக் காட்சி. நவம்பர் 6, சூரியன் மறைகிற நேரம், பனியில் ஜிப்சிகள் பெட்டியை வண்டியில் ஓட்டிக்கொண்டு போகிறார்கள். மரமுளை, சுத்தி, மந்திரம் எல்லாம் எதிர்பார்த்தேன். ஹார்க்கரின் குக்ரிக் கத்தி கழுத்தை அறுக்கிறது, அமெரிக்கரின் போவிக் கத்தி நெஞ்சில் இறங்குகிறது, பிரபு தூளாகிறான். கண்ணிமைக்கும் நேரம். 50 பெட்டிக்கு எத்தனையோ பக்கம் ஒதுக்கியவர், பிரபுவின் சாவுக்குச் சில வரிதான் ஒதுக்கினார். குக்ரி என்றால் கூர்க்காக்களின் கத்தி. எங்கள் தெருவில் விசிலடித்துத் தடி தட்டிக்கொண்டு போய், மாதம் பிறந்ததும் வாசலில் சலாம் வைக்கிறவரின் ஊர்க்கத்தி. அதை எடுத்துச்சொன்னதும், "அவருக்கு இந்த மாசம் இன்னும் குடுக்கலை" என்று வீட்டம்மா நினைவுபடுத்தினாள்.

இனி முடிவு. இது ஏமாற்றம் என்றே நானும் தொடக்கத்தில் கருதினேன். ஏமாற்றம் அன்று. 17ஆம் அத்தியாயத்தில் எனக்கு வந்தது சலிப்பில் வந்த தூக்கம் இல்லை. மதியச் சாப்பாடு முடிந்து, மின்விசிறிக்கு அடியில், தேதிவாரியாக அடுக்கிய கோப்பு ஒன்றைத் திறந்ததும் 32 ஆண்டுகளாக வந்த அதே தூக்கம். எதிரே இருப்பது என்னவென்று மூளைக்குத் தெரியுமுன் உடம்புக்குத் தெரிந்துவிட்டது. வீட்டம்மா ஆபீஸ் என்று சொன்னது எழுத்துக்கு எழுத்துச் சரி. அச்சத்தின் நான்காவது நிலைக்களன் இறை என்றால், அந்த இறைக்கும் அச்சம் தருவது கோப்பு என்று ஒரு சூத்திரம் சேர்க்கலாம். சேர்க்கும் துணிவு எனக்கில்லை, துறைத்தலைவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நாவலின் கடைசியில், ஏழு ஆண்டுக்குப் பின் ஹார்க்கர் எழுதிய குறிப்பு ஒன்று உண்டு. கோப்பை எடுத்துப் பார்க்கிறார்கள்: அத்தனை காகிதத்தில் அசல் ஆவணம் என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றுமில்லை, எல்லாம் தட்டச்சுதான்; இதை யார் நம்புவார் என்கிறார். நியாயம். சான்றொப்பம் இல்லாத நகலை எங்கள் பிரிவிலும் ஏற்றுக்கொள்ள மாட்டோம்.

புத்தகத்தை மூடி அலமாரியில் வைத்தபோது வீட்டம்மா கேட்டாள்: "அந்தக் கோழிக்கறி எப்படி வைக்கறதுன்னு பின்னால வரும்னீங்களே, வந்துச்சா?"

27 அத்தியாயத்தையும் மறுபடி புரட்டிப் பார்த்துவிட்டேன். வரவில்லை.